சொல்லிக்கொண்டே ஓட்டு

"எங்க சின்னப் பொண்ணு கண்ணாடி பாக்கற அழகைப் பாத்துக் கத்துக்குங்க" என்று மாஸ்டர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் வீட்டில் பிள்ளைகளைப் புகழ்கிற விதமே தனி. மற்ற வீடுகளில் மார்க்கைச் சொல்வார்கள், பாட்டைச் சொல்வார்கள். இங்கே கிளட்சை விடுகிற பக்குவத்தைச் சொல்வார்கள். "மூச்சுக்கு ஒரு தடவை பின்னாடி பாத்துடுவா. நான் சொல்லிக் குடுத்ததே இல்லை. ரத்தத்துலயே இருக்கு."

ரத்தத்தில் ஒரு மண்ணும் இல்லை. பயம் இருந்தது.

அது போன வாரம்தான் பெரியவளுக்கு விளங்கியது. பாடம் சொல்லிக் கொடுக்கத் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், இவள் அப்படி எதைத்தான் பார்க்கிறாள் என்று தானும் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். கறுப்பு பைக். சிவப்பு ஹெல்மெட். எந்தத் தெருவில் திரும்பினாலும் அதுவும் திரும்பியது.

சிவப்பு ஹெல்மெட்டை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சின்னவளின் கல்லூரியில் அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவன். இருவரும் பழகுவது வீட்டுக்குத் தெரியாத மாதிரி தெரியும். மாஸ்டருக்கு அவன் 'தம்பி'. அம்மாவுக்குத் 'தங்கமான பையன்'. பெரியவளுக்கு மட்டும் 'செண்ட் பாட்டில்'. அவன் வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும். போன பிறகும் லேசில் போகாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பெரியவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாள். அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று அப்பா ஸ்கூலில் பெண்களுக்கு வண்டி சொல்லிக் கொடுக்க வந்தவள், அங்கேயே தங்கிவிட்டாள். படித்தாளே தவிர, கோபத்துக்கு மட்டும் பிரேக் வைக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

"இன்னையோட அவனை விடுறே. இல்லைன்னா இப்பவே அப்பாகிட்ட போறேன். அந்தப் போனை இப்படிக் குடு!"

சின்னவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீயும் அவனை மாதிரியே பேசறே" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. துண்டு எங்கே என்று கேட்டால்கூட விரலால் காட்டினாள்.

இன்று டெஸ்ட்.

சின்னவளுக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை, மாஸ்டர் பெற்ற மகள், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காரில் ஏறி இறங்குகிறவள், டெஸ்ட் மைதானத்தில் திரும்பத் திரும்ப வண்டியை ஆஃப் செய்துவிட்டு ஃபெயிலாகி வந்தாள். எதிர்த் தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறதே, அவர்களுக்கு அது போதாதா? 'வாத்தியார் பிள்ளை மக்கு' என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். மாஸ்டர் ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

இன்று பாஸானால் ஸ்கூலின் பழைய நீலக் கார் காலை வேளைகளில் சின்னவளுக்கு. ஊரின் மறு கோடியில் இருக்கிற கல்லூரிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போகலாம். இப்போது அவள் போவதும் வருவதும் கறுப்பு பைக்கின் பின் சீட்டில். எப்போது கிளம்பலாம், எந்த வழியாகப் போகலாம், வழியில் யாரிடம் நிற்கலாம் என்பதெல்லாம் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தவன் கையில் இருந்தது.

காலையில் அம்மா, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, சின்னவளின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கூலுக்கு வருகிற போன் எல்லாம் அம்மாவுக்குத்தான்.

"திங்கக்கிழமை காலியா இல்லைங்க, புதன் வாங்க" என்று போனில் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "அந்தத் தம்பிகிட்ட சொன்னியாடி, இன்னைக்கு டெஸ்டுன்னு? பாவம், போன தடவை எவ்வளவு ஆறுதல் சொன்னான்!" என்றாள்.

சின்னவளின் கையில் இருந்த டம்ளர் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

பெரியவள் அதைப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

மாஸ்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். டெஸ்ட் அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் ஸ்டூடண்டைத் திட்டக்கூடாது. மைதானத்துக்குப் போகிற வழியில் பக்கத்து சீட்டில் யார் உட்கார வேண்டும் என்பதையும் ஸ்டூடண்ட்தான் சொல்லவேண்டும்.

"கிளம்பலாமா கண்ணு? அப்பா பக்கத்துல உக்காரறேன்."

சின்னவள் செருப்பை மாட்டியபடி, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "அக்கா வரட்டும்."

மாஸ்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. பெரியவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"சரி சரி, நான் பல் டாக்டரம்மாவை ஏத்திக்கிட்டுப் பின்னாடி வரேன். அவங்களுக்கும் இன்னைக்குத்தான் டெஸ்ட்" என்று மாஸ்டர் இன்னொரு காரை நோக்கிப் போனார். "ஏய், சொல்லிக்கிட்டே ஓட்டு!"

அது அவருடைய மந்திரம். ஓட்டுகிறவர் தன் கண்ணில் படுவதை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டவேண்டும். முன்னால் பஸ், ஓரத்தில் நாய், எதிரில் சைக்கிள். 'கண்ணு பாத்ததை வாய் சொல்லணும். வாய் சொன்னாத்தான் மூளை முழிச்சுக்கும்' என்பார். பெரிய பெரிய ஆட்கள்கூட அவர் வண்டியில் குழந்தை மாதிரி ஒப்பித்துக்கொண்டு போவார்கள்.

நீலக் கார் தெருவைத் தாண்டியது.

"முன்னாடி பஸ். நிக்கப் போகுது. வேகத்தைக் குறைக்கிறேன்" என்றாள் சின்னவள். ஒரு வாரத்தில் அக்காவின் காதில் விழுந்த முதல் முழு வாக்கியம்.

"ம்."

"ஓரத்துல ரெண்டு பிள்ளைங்க. கையில பந்து இருக்கு. பந்து ரோட்டுக்கு வரலாம்."

"நல்லது."

"சிக்னல் மஞ்சள். நிறுத்தறேன். பின்னாடி..."

நின்றுவிட்டது. வண்டி இல்லை, வாய்.

பெரியவள் கண்ணாடியைப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தங்கையின் கழுத்து நரம்பைப் பார்த்தாலே போதும். பெரியவளின் கால் தானாக நகர்ந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, சொல்லிக் கொடுக்கிறவர் காலடியில் ஒன்று. இரண்டும் ஒரே கம்பியில் கட்டியது.

"காலை எடு அக்கா."

"வைக்கவே இல்லையேடி."

"வச்சே. நீ லேசாத் தொட்டாலும் என் பெடல் ஆடும். எனக்குத் தெரியும்."

பெரியவள் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். சிக்னல் இன்னும் சிவப்பு. போன வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தான் எதை மிதித்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பாடம் கேட்கிற குரலில் கேட்டாள். "பின்னாடி என்ன?"

"பைக்."

"சரி. அப்புறம்?"

பச்சை விழுந்தது. சின்னவள் கியரைப் போட்டாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"பின்னாடி பைக். எப்பவும் பைக். முன்னாடி சைக்கிள்காரர், இடம் விடறேன். காலையில எழுந்ததும் என்ன டிரஸ்னு போட்டோ அனுப்பணும். அவனுக்குப் பிடிக்கலைன்னா மாத்தணும். முதல்ல எனக்கு அது ஆசையாத்தான் இருந்தது அக்கா, நம்மள இவ்வளவு கவனிக்கிறானேன்னு. வளைவு வருது. இண்டிகேட்டர்."

டிக் டிக் என்று இண்டிகேட்டர் அடித்தது.

"என் போன் பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்கு. என் ஃபிரெண்ட்ஸ் ஒருத்தியும் இப்ப என்கூடப் பேசறதில்ல. நான் அனுப்பற மாதிரி அவன்தான் அவங்களுக்கு அசிங்கமா மெசேஜ் போட்டான். வேகத்தடை. மெதுவா போறேன். கோபம் வந்தா மணிக்கட்டைப் பிடிப்பான். வெளியில தெரியாத மாதிரி, கைப்பைக்குப் பின்னாடி வச்சுப் பிடிப்பான். அதான் நான் ஃபுல் கை போடறேன். அம்மா அடக்கமா இருக்கேன்னு சந்தோஷப்படறாங்க."

பெரியவளின் நகம் அவள் உள்ளங்கையிலேயே பதிந்தது. கதவைத் திறந்து, இறங்கி, அந்த சிவப்பு ஹெல்மெட்டைத் தேங்காய் உடைக்கிற மாதிரி... வேண்டாம். கால் சீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

"அப்புறம்?"

"அப்புறம் அழுவான். கால்ல விழுவான். நீ போயிட்டா செத்துடுவேன்பான். எதிர்ல லாரி, ஓரம் கட்டறேன். போன டெஸ்ட்ல வண்டி ஆஃப் ஆச்சே. அது தானா ஆகலை."

"என்னது?"

"நான்தான் ஆஃப் பண்ணேன். லைசென்ஸ் எடுத்துட்டா அப்புறம் நான் உனக்கு எதுக்குன்னு ராத்திரி பூரா அழுதான். ஃபெயிலாகிடுறேன்னு சத்தியம் பண்ணேன். ஃபெயிலானேன். அப்பா முகத்தைப் பாக்க முடியலை." குரல் உடைந்தது. ஸ்டியரிங் உடையவில்லை. "இன்னைக்கும் அதே சத்தியம் கேட்டிருக்கான்."

"ஓரமா நிறுத்தறியா?" என்றாள் பெரியவள். "உனக்கு வேணும்னா."

சின்னவள் நிறுத்தினாள். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஒன்றும் விடாமல் முறையாக நிறுத்தினாள். அதன் பிறகுதான் அழுதாள். பைக் தூரத்தில் ஒரு கடை ஓரமாக ஒதுங்கியது.

"என்னை நம்பறியா அக்கா?"

"ஒவ்வொரு வார்த்தையும்."

"நான்தானே இடம் குடுத்தேன்? என் தப்புதானே?"

"ஏண்டி, பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்து ஒருத்தன் இடிச்சா கேஸ் யார் மேல? அப்பா முதல் நாள் பாடத்துல என்ன சொல்லுவார்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் வந்தது. "பின்னாடி வந்தவன் மேல."

"அப்புறமென்ன? மாஸ்டர் பொண்ணாச்சே, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

அழுகைக்கு நடுவே சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மறுபடி அழுகை வந்தது.

"போன வாரம் கத்தினியே, இப்ப ஏன் கத்தலை?"

"கத்தினப்புறம் மனசு கேக்கலை. பெண்களுக்கான ஒரு ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வாயை மூடிக்கிட்டுக் காதைத் திறன்னாங்க. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. நான் மிரட்டினா நீ அவன் பக்கம்தான் ஓடுவியாம். ஒருத்தன் அதிகாரம் பண்றது போதாதுன்னு நான் வேற எதுக்குன்னு கேட்டாங்க. நியாயம்தானே?" பெரியவள் தன் கைக்குட்டையை நீட்டினாள். "மெசேஜ் எதையும் அழிக்காதே. விட்டுட்டு வரணும்னு தோணுச்சுன்னா, தனியா இருக்கற இடத்துல அவன்கிட்ட சொல்லாதே, நாலு பேர் இருக்கற இடத்துல சொல்லு. அந்த நேரத்துலதான் இந்த மாதிரி ஆளுங்களுக்கு வெறி ஏறுமாம். மீதியெல்லாம் உன் இஷ்டம். நீ இன்னைக்குப் பாஸானாலும் இந்த சீட்டுல நான் இருப்பேன். வேணும்னே ஃபெயிலானாலும் இருப்பேன்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"நீ என்ன பண்ணணும்னு நினைக்கறே?"

சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை என்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

டெஸ்ட் மைதானத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் கீழே வரிசையாக நாற்காலிகள். நாற்காலிகளில், பல் பிடுங்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆட்கள். அவர்களில் ஒருவர் நிஜமாகவே பல் பிடுங்குகிறவர். எவ்வளவு பெரிய கடைவாய்ப் பல்லாக இருந்தாலும் அசராத டாக்டரம்மாவுக்குக் கிளட்சில் கால் வைத்தால் உடம்பெல்லாம் உதறும். மாஸ்டரின் வண்டிகளில் அவர் ஆஃப் செய்யாத இடமே இந்த ஊரில் கிடையாது.

நீலக் கார் வந்து நின்றதும், பின்னாலேயே வாசனையும் வந்தது.

"மாஸ்டர் சார்! வாழ்த்து சொல்லலாம்னு ஓடி வந்தேன்." ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலைமுடி கலையாமல் இருந்தது. கையில் ஒரு சாக்லேட் டப்பா.

"வாங்க தம்பி, வாங்க! பாத்தீங்களா டாக்டரம்மா, இந்தக் காலத்துல இப்படி ஒரு பையன்!" வெளுத்ததெல்லாம் பால் மாஸ்டருக்கு. டப்பாவை வாங்கிக்கொண்டு பூரித்துப்போனார்.

"ஒரு நிமிஷம் பேசிட்டு வரோம் சார்" என்று அவன் சின்னவளைச் சுவரோரமாக அழைத்துப்போனான். பெரியவள் தானும் நடந்து, காதில் விழுகிற தூரத்தில் நின்றாள். அதற்கு மேல் ஒரு அடிகூட வைக்கவில்லை. செருப்பைத் தரையில் அழுத்திக்கொண்டாள்.

அவன் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் வேறாக இருந்தது.

"வழியில ஏன் நிறுத்தினே? அவகிட்ட என்ன உளறினே? சரி, விடு. தலைவலின்னு சொல்லிட்டுக் கிளம்பு. வண்டியில ஏறு."

"இல்லை. நான் ஓட்டப் போறேன்."

"சத்தியம் பண்ணினேல்ல?"

கைப்பைக்குப் பின்னால் அவன் கை போயிற்று. சின்னவளின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பெரியவள் பாய்ந்திருப்பாள். அதற்குள் தங்கை வாயைத் திறந்தாள்.

"இப்ப என் கையைப் பிடிச்சிருக்கே."

பாடம் ஒப்பிக்கிற குரல். மைதானம் முழுக்கக் கேட்கிற குரல்.

"என்ன?" என்றான் அவன்.

"வலது கை. மணிக்கட்டு. இறுக்கறே. எனக்கு வலிக்குது."

நாற்காலிகளில் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

"ஏய், மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"இப்ப மெதுவா பேசச் சொல்றே. எல்லாரும் பாக்கறாங்க. டாக்டரம்மா பாக்கறாங்க. எங்க அக்கா பாக்கறா. எங்க அப்பா பாக்கறார்."

கை சட்டென்று விலகியது.

"இப்ப விட்டுட்டே. இப்ப சிரிக்கறே."

"சும்மா விளையாட்டுக்கு சார்..." என்று அவன் கொட்டகையைப் பார்த்துச் சொன்னான்.

"இப்ப விளையாட்டுன்னு சொல்றே." சின்னவள் சட்டையின் முழுக்கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டில் புதுச் சிவப்பு. அதற்கு அடியில் பழைய நீலம். அவள் அதை அப்பா பக்கம் நீட்டிக் காட்டினாள். "இதுவும் விளையாட்டுதான்ப்பா. போன டெஸ்ட்ல வண்டியை ஆஃப் பண்ணி ஃபெயிலாகச் சொன்னதும் விளையாட்டுதான்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இனிமே நீ என் முன்னாடியும் வரவேணாம். பின்னாடியும் வரவேணாம். முடிஞ்சது."

"நீ இல்லைன்னா நான்..."

"இப்ப செத்துடுவேன்னு சொல்லப் போறே. சொன்னா அடுத்த நிமிஷம் உங்க அம்மாவுக்குப் போன் போகும். உனக்கு உதவி வேணும்னா அவங்க பாத்துப்பாங்க, டாக்டர் பாத்துப்பாங்க. நான் டாக்டர் இல்லை."

"நானும் வெறும் பல் டாக்டர்தான்" என்று கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஆனா இவனுக்குப் பாக்கணும்னா இலவசமாப் பாக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் நாலைந்து பேர் சிரித்தார்கள். மிரட்டலுக்கும் கண்ணீருக்கும் அவனிடம் பதில் இருந்தது. சிரிப்புக்கு இல்லை. முகம் தொட்டாற்சிணுங்கி மாதிரி சுருங்கியது.

மாஸ்டர் நடந்து வந்துகொண்டிருந்தார். பெரியவள் அந்த நடையை அறிவாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, குடித்துவிட்டு ஸ்கூல் வண்டியை எடுத்துப்போன ஒருவனை நோக்கி அவர் அப்படி நடந்தார். அந்த ஆளை மூன்று பேர் சேர்ந்து அவரிடமிருந்து பிரித்தார்கள். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அப்பா. காலை எடுங்க."

"நகருடி."

"அவ ஓட்டிக்கிட்டிருக்காப்பா. நல்லா ஓட்டறா. நீங்க பிரேக்ல காலை வச்சீங்கன்னா அவ ஃபெயில்."

மாஸ்டர் நின்றார். மூச்சு வாங்கியது. பெரிய மகளைத் தாண்டிச் சின்ன மகளைப் பார்த்தார். அவள் நேராக நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அடுத்தவர் காலடிப் பெடலைக் கவனித்தே பிழைத்தவர் அவர். சொன்னது புரிந்தது. கையிலிருந்த சாக்லேட் டப்பாவை அந்தப் பையனிடம் நீட்டினார்.

"இது உங்களோடது தம்பி. கேட் அந்தப் பக்கம்."

கொட்டகையின் வாசலில், டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் அம்மா வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, "அடுத்து யாரு?" என்றார்.

"நான் மேடம்" என்றாள் சின்னவள்.

நீலக் கார் கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கியது. அக்காவின் சீட்டில் இப்போது இன்ஸ்பெக்டர் அம்மா. டெஸ்ட் சட்டமும் அதுதான்: பக்கத்தில் இருப்பவர் கால் ஒரு தடவை பிரேக்கைத் தொட்டாலும் ஃபெயில்.

அதே நேரத்தில் கறுப்பு பைக் உறுமியது. ஹெல்மெட்கூடப் போடாமல் கேட்டை நோக்கித் திருப்பினான்.

"அப்பா, பின்னாடியே போகப் போறான்!"

மாஸ்டர் ஓடவில்லை, கத்தவில்லை. தன் இன்னொரு காரில், அடுத்த டெஸ்டுக்குத் தயாராக கேட்டருகே உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவின் ஜன்னலில் குனிந்தார்.

"டாக்டரம்மா, கேட்டுக்குக் குறுக்கால வண்டியைத் திருப்புங்க."

"திருப்பினா ஆஃப் ஆயிடும் மாஸ்டர்!"

"ஆகட்டும்மா."

"இத்தனை நாளா ஆஃப் பண்ணாதே ஆஃப் பண்ணாதேன்னு என் உயிரை எடுத்தீங்க, இப்ப ஆஃப் பண்ணச் சொல்றீங்களா?"

"நல்லா பண்ணுங்கம்மா. உங்க திறமையெல்லாம் காட்டுங்க!"

வண்டி ஒரு குதி குதித்தது. கேட்டின் குறுக்கே அழகாக விழுந்து, மூக்கு ஒரு தூணையும் வால் இன்னொரு தூணையும் தொடுகிற மாதிரி நின்று, உயிரை விட்டது. பைக் அதன் கதவுக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சிட்டு நின்றது.

"எடுங்க வண்டியை!" என்று கத்தினான்.

டாக்டரம்மா சாவியைத் திருகினார். ஒரு குதி. மறுபடி ஆஃப். "பாருங்க தம்பி, என்ன பண்ணியும் வரமாட்டேங்குது. பொறுமையா இருங்க. வாயைத் திறந்து மூச்சு விடுங்க, பதட்டம் குறையும்."

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவளுக்குச் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தும் நிற்கவில்லை. அது சிரிப்பு மட்டும் இல்லை.

நீலக் கார் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறவரை கேட் திறக்கவே இல்லை. அதன் விளக்குகள் ரோட்டின் மறுமுனையில் தெரிந்ததும், டாக்டரம்மாவின் வண்டி என்ன மாயமோ ஒரே திருகலில் கிளம்பி வழி விட்டது. சந்து கிடைத்ததும் கறுப்பு பைக் விர்ரென்று வெளியேறி, கார் வருகிற திசைக்கு எதிர்ப்பக்கமாகப் பறந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா இறங்கினார். மாஸ்டர் கை கட்டி நின்றார். ஆயிரம் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர், முதல் தடவை ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி நின்றார்.

"பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "ஓட்டறது சுத்தமா இருக்கு. ஒரே ஒரு இடத்துல மார்க் குறைச்சிருக்கேன்."

"எதுல மேடம்?"

"கண்ணாடி பத்தாது. பின்னாடி பாக்கவே மாட்டேங்கறாங்க. முன்னாடி மட்டும்தான் பாக்கறாங்க. உங்க பொண்ணுதானே மாஸ்டர்? கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

மாஸ்டர், காரிலிருந்து இறங்கிய சின்னவளின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "கண்ணாடி பாக்கறா, கண்ணாடி பாக்கறான்னு பீத்திக்கிட்டேனே" என்றார் மெதுவாக. "எதைப் பாக்கறேன்னு ஒரு வார்த்தை கேக்கலையேடி."

"இப்ப சொல்லிட்டேன்ல. விடுங்கப்பா."

"மார்க் போனா போகுது. இந்த மார்க் போனதுக்கு எதிர்த் தெரு முழுக்க சாக்லேட் குடுப்பேன்."

"சாக்லேட் வேணாம்ப்பா" என்றாள் சின்னவள். "வேற ஏதாவது குடுங்க."

டாக்டரம்மா அன்று ஃபெயில். டெஸ்டில் நிஜமாகவே ஆஃப் ஆகிவிட்டது. ஆனால் கொட்டகையில் அதிகக் கைதட்டல் வாங்கியவர் அவர்தான்.

திரும்பும்போது சின்னவளே ஓட்டினாள். எல் போர்டைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டிருந்தது. பக்கத்தில் பெரியவள். அவள் மடியில் சின்னவளின் போன். பாஸ்வேர்டைக் கிளம்புவதற்கு முன்னாலேயே மாற்றியாயிற்று. புதியது என்னவென்று பெரியவள் கேட்கவில்லை. போனின் சொந்தக்காரி சொல்லவும் இல்லை.

"திங்கக்கிழமை காலேஜ்ல பிரின்சிபால் மேடத்தைப் பாக்கணும்" என்றாள் சின்னவள். "மெசேஜ் எல்லாம் காட்டணும். வேணும்னா போலீசுக்கும் போலாம். நீ வரியா?"

"கூப்பிட்டா வரேன்."

"கூப்பிடறேன்."

அப்போது பெரியவளின் போன் அடித்தது. அம்மா. அவளிடம் இன்னும் எதையுமே சொல்லவில்லை. நல்ல சேதியை முதலில் சொல்லலாம் என்று பெரியவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, இவ பாஸ்..."

"அதெல்லாம் இருக்கட்டும்டி" என்று அம்மா கிசுகிசுத்தாள். "அந்தத் தம்பி இங்க வந்து உக்காந்திருக்கான். தேம்பித் தேம்பி அழறான். அப்பாவும் நீயும் எல்லார் முன்னாடியும் அவனை அவமானப்படுத்திட்டீங்களாமே? என்ன அநியாயம்டி இது? பாவம், உள்ள கூப்பிட்டு டீ போட்டுக் குடுத்திருக்கேன். ஏதோ போட்டோவெல்லாம் வச்சிருக்கானாம், உங்க அப்பாகிட்ட மட்டும்தான் காட்டுவானாம். சீக்கிரம் வாங்க."

லைன் கட்டாயிற்று.

பெரியவளின் கால் தன்னிச்சையாக பிரேக்கைத் தேடியது. பாதியில் நிறுத்தி, சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் கை ஸ்டியரிங்கில் ஆடாமல் இருந்தது.

"ஓரமா நிறுத்தணுமா?"

"வேணாம்." சின்னவள் இண்டிகேட்டரைப் போட்டாள். வீட்டுத் தெருப் பக்கம். "ஹெல்ப்லைன் நம்பரை எடுத்து வை. அப்பாவுக்குப் போன் பண்ணு, டாக்டரம்மாவை இறக்க வேற பக்கம் போயிடாம, நம்மள ஒட்டியே வரச் சொல்லு. அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். என் வாயாலதான் சொல்லணும்."

"சரி."

நீலக் கார் தெருவுக்குள் திரும்பியது. சின்னவள் ஒரு மூச்சு இழுத்து, சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

"முன்னாடி நம்ம வீடு. வாசல்ல கறுப்பு பைக். கதவு திறந்திருக்கு. வேகத்தைக் குறைக்கிறேன்."

"பின்னாடி?" என்றாள் பெரியவள்.

டெஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாகச் சின்னவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"பின்னாடி அப்பா."